தெரிந்த விதி கைவிடும் இடங்கள்

ஆங்கிலத்தில் எழுதுபவர்களின் பிழைகளைத் திருத்த வரும் நூல்கள் பெரும்பாலும் விதிகளை வரிசைப்படுத்தித் தருகின்றன. எழுவாய் ஒருமை என்றால் வினையும் ஒருமையாக இருக்க வேண்டும், உடைமையைக் குறிக்கும் ‘இட்ஸ்’ஸுக்கு அபாஸ்ட்ரஃபி கூடாது என்பது போன்றவை அவை. இவற்றில் எதுவும் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவருக்குத் தெரியாததல்ல. தனியாகக் கேட்டால் விதியைச் சரியாகச் சொல்வார், பயிற்சித்தாளில் சரியாக நிரப்புவார். அவரே எழுதிய கட்டுரையின் மூன்றாம் பத்தியில் அதே விதி மீறப்பட்டிருக்கும். அறியாமைதான் காரணம் என்று வைத்துக்கொண்டால் இதை விளக்க முடியாது. எழுதிப் பழகியவர்களின் பிழைகளில் பெரும்பகுதி, தெரிந்த விதி குறிப்பிட்ட சில இடங்களில் கைநழுவிப் போவதால் வருகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அந்த இடங்கள் முன்கூட்டியே சொல்லக்கூடியவை. ஆகவே விதிகளை மறுபடி மனப்பாடம் செய்வதைவிட, நழுவும் இடங்களைத் தெரிந்துகொண்டு அங்கே மட்டும் நின்று பார்ப்பது பலன் தரும்.

இதற்கு ஆதரவான சான்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் கிடைக்கிறது. ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டும் கேரன் லன்ஸ்ஃபோர்டும் 877 கட்டுரைகளை ஆராய்ந்து, தங்கள் முடிவுகளை முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். நூறு சொற்களுக்கு எத்தனை பிழை என்ற கணக்கு 1917இல் 2.11, 1930இல் 2.24, 1986இல் 2.26, 2006இல் 2.45. இதே காலத்தில் ஒரு கட்டுரையின் சராசரி நீளம் 162 சொற்களிலிருந்து 1,038 சொற்களாக வளர்ந்திருக்கிறது. இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளில் பாடநூல்கள் மாறின, தட்டச்சுப் பொறி பரவியது, கணினி வந்தது, எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் வந்தது. பிழையின் அளவு மட்டும் ஏறக்குறைய அசையவில்லை. விதி தெரியாமைதான் காரணம் என்றால், கற்பிக்கும் முறையும் கருவியும் மாறும்போது இந்த எண் கணிசமாக ஏறியோ இறங்கியோ இருக்க வேண்டும். மனிதர் எழுதும் முறையிலேயே ஏதோ ஒன்று இந்த அளவு பிழையைத் தொடர்ந்து உண்டாக்குகிறது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

அந்த ஏதோ ஒன்றின் முதல் வடிவம், பக்கத்துச் சொல்லின் இழுப்பு. கேத்ரின் பாக், கேரல் மில்லர் ஆகிய உளவியலாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில், வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் கொடுத்து மீதியைச் சொல்லி முடிக்கும்படி கேட்டார்கள். பங்கேற்றவர்கள் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். எழுவாய் ஒருமையாக இருந்து, அதற்கும் வினைக்கும் நடுவே ஒரு பன்மைப் பெயர் நுழைந்தபோது பன்மை வினை போட்டுவிடும் பிழை தெளிவாகக் கூடியது. எழுவாய் பன்மையாகவும் நடுவில் இருப்பது ஒருமையாகவும் இருந்தபோது அப்படி நேரவில்லை. ‘தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ்’ என்று எழுதி முடித்த கை அடுத்து ‘இஸ்’ போடாமல் ‘ஆர்’ போடுவது இதனால்தான். பட்டியல் ஒன்று, பெயர்கள் பல. வினைக்கு அருகே நிற்பது பெயர்கள். தமிழிலும் இதே சறுக்கல் உண்டு. ‘தொழிலாளர்களின் கோரிக்கைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகின்றன’ என்று எழுதுபவருக்குப் பட்டியல் ஒருமை என்பது தெரியாதா என்ன? பிழையின் ஊற்று இது என்று தெரிந்தபின் மருந்தும் தெளிவாகிறது. நீண்ட வாக்கியத்தின் வினைமீது விரலை வைத்து ‘எது?’ என்று கேட்டு, விடையாக வரும் ஒற்றைச் சொல்லை வினையோடு ஒட்டிப் படிக்க வேண்டும். ‘ஆஃப்’ என்ற சொல்லில் தொடங்கும் தொடரை விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் இன்னும் எளிது. ‘ஒன் ஆஃப் த மெம்பர்ஸ் ஹேவ்’ என்ற பிழை, நடுவில் இருப்பதை மறைத்ததும் ‘ஒன் ஹேவ்’ என்று காதில் உறுத்தும்.

இரண்டாவது இடம் வாக்கியத்தின் தொடக்கம். ‘இங்’ என்று முடியும் வினைவடிவத்தில் தொடங்கி, நடுவில் வேறொரு எழுவாய்க்குத் தாவிவிடும் வாக்கியங்களை ஆங்கில நடைநூல்கள் எல்லாம் எச்சரிக்கின்றன. ‘வாக்கிங் டவுன் த ஸ்ட்ரீட், த ட்ரீஸ் லுக்ட் பியூட்டிஃபுல்’ என்றால் தெருவில் நடந்தவை மரங்கள் என்றாகிறது. எழுதியவர் மனதில் நடந்தது தான் என்பது அவ்வளவு உறுதியாக இருப்பதால், தாளில் அந்த ‘நான்’ இல்லை என்பதே அவர் கண்ணுக்குப் படுவதில்லை. இங்கே தமிழ் அறிந்தவருக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் முற்றுவினையின் எழுவாயையே தன் எழுவாயாகக் கொள்ளும் என்பது நம் இலக்கணத்தின் பழைய விதி. நன்னூல் அதைச் சொல்கிறது. ‘மழை பெய்து நெல் விளைந்தது’ போலத் தனி எழுவாயை வெளிப்படையாகச் சொல்லும் இடங்களுக்கு விலக்கும் உண்டு. ஆகவே ஐயம் வரும்போது அந்த ஆங்கிலத் தொடரைத் தமிழ் எச்சமாக்கிப் பாருங்கள். ‘தெருவில் நடந்து மரங்கள் அழகாகத் தெரிந்தன’ என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார், ‘நடந்தபோது’ என்றுதான் சொல்வார். தமிழில் ‘போது’ தேவைப்பட்டால் ஆங்கிலத்திலும் ‘வென்’ போட்டு, எழுவாயையும் எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது இடம் காது. எழுதும்போது நாம் மனதுக்குள் சொற்களைக் கேட்கிறோம். கை அந்த ஒலியை எழுதுகிறது. ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துவடிவம் இருந்தால், எது அதிகம் பழகியதோ அது முந்திக்கொள்கிறது. ‘குட்’டையும் ‘ஹேவ்’வையும் சுருக்கிச் சொல்லும் ஒலி ‘குட் ஆஃப்’ என்பதற்கு அருகில் இருப்பதால் ஆங்கிலேயர்களே அப்படி எழுதிவிடுகிறார்கள். ‘இட்ஸ்’ என்ற சொல்லின் வரலாறு இதற்கு இன்னும் நல்ல சான்று. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவிலேயே, இன்று பிழை என்று சிவப்பு மையில் வட்டமிடும் அபாஸ்ட்ரஃபி, உடைமைப்பொருள் தரும் ‘இட்ஸ்’ஸில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இரண்டு வடிவங்களும் புழங்கின, பிற்பாடுதான் ஒன்று ஒதுக்கப்பட்டது. பெயர்ச்சொற்கள் எல்லாம் உடைமைக்கு அபாஸ்ட்ரஃபி ஏற்கும்போது இது ஏற்காது என்பது கைக்கு இயல்பாக வராது, ஆகவே இன்றும் நழுவுகிறது. தமிழ்க் காதுக்கு இந்தத் தொல்லை ஒரு படி கூடுதல். ஆங்கிலத்தில் ‘எஸ்’ ஒலியும் ‘இசட்’ ஒலியும் வேறு வேறு. தமிழில் அந்த வேறுபாடு இல்லை. ஆங்கிலேயர் காதில் வேறுபட்டு ஒலிக்கும் சொற்கள் நம் காதில் ஒன்றாகிவிடுகின்றன. தொலைப்பதும் தளர்ந்திருப்பதும் நமக்கு ஒரே ‘லூஸ்’, விலையும் பரிசும் ஒரே ‘பிரைஸ்’, அறிவுரை என்ற பெயரும் அறிவுரை கூறு என்ற வினையும் ஒரே ‘அட்வைஸ்’. இதிலிருந்து ஒரு எளிய சோதனை கிடைக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் எந்த இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒன்றாகிவிடுகின்றனவோ, அவை உங்கள் கை தவறக்கூடிய சொற்கள். அந்தப் பட்டியல் நீளமானதல்ல. ஒருமுறை தயாரித்துக்கொண்டு, எழுதி முடித்த கோப்பில் தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். வழக்கமாகப் படித்துப் பார்த்தால் இவை அகப்படா. படிக்கும்போதும் அதே காதுதான் வேலை செய்கிறது.

நான்காவது இடம் தாய்மொழியின் வார்ப்பு. நமக்கு மிக முக்கியமானதும் இதுதான். ‘ஒரு பொருளைப் பற்றி விவாதித்தார்கள்’ என்பது நம் தொடர். அந்தப் ‘பற்றி’ ஆங்கிலத்துக்குள் புகுந்து ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின் ‘அபவுட்’டாக நிற்கிறது, ஆங்கில வினைக்குள் அது ஏற்கெனவே அடங்கியிருப்பதால் மிகையாகிறது. ‘இன்று காலை’ அப்படியே ‘டுடே மார்னிங்’ ஆகிறது. ‘மழை பெய்தாலும்’ என்று தொடங்கி ‘ஆனால்’ என்று தொடரும் பேச்சுப் பழக்கம், ‘ஆல்தோ’வில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’டைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அறிவுரைகள், தகவல்கள், தளவாடங்கள், கருவிகள் என்று நாம் தயங்காமல் பன்மையாக்குபவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’, ‘எக்விப்மென்ட்’ என்ற நான்கும் பன்மை ஏற்காதவை. இவை எல்லாம் தமிழ் இடையூறு செய்யும் இடங்கள். ஆனால் தமிழைக் குற்றவாளியாக மட்டும் காட்டுவது நியாயமல்ல, அது உதவும் இடங்களும் உண்டு. ‘சின்ஸ்’, ‘ஃபார்’ என்ற இரண்டையும் குழப்பிக்கொள்வது இந்திய ஆங்கிலத்தில் பரவலான பிழை. தமிழோ இந்த வேறுபாட்டை ஏற்கெனவே வைத்திருக்கிறது. ‘இரண்டு ஆண்டுகளாக’ என்றால் கால அளவு, அதற்கு ‘ஃபார்’. ‘2019 முதல்’, ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்றால் தொடங்கிய புள்ளி, அதற்கு ‘சின்ஸ்’. ‘ஆக’ வருகிறதா ‘முதல்’ வருகிறதா என்று தமிழில் கேட்டுக்கொண்டால் தவறவே முடியாது.

ஆர்ட்டிக்கிள் எனப்படும் ‘ஏ’, ‘த’ விஷயத்திலும் இப்படித்தான். தமிழில் ஆர்ட்டிக்கிள் இல்லை, அதனால் நமக்கு அது வராது என்று ஆசிரியர்கள் கைவிரித்துவிடுகிறார்கள். இல்லை என்பது உண்மை. குறிப்பிட்டது, குறிப்பிடாதது என்ற வேறுபாடே தமிழில் இல்லை என்பது உண்மையல்ல. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் பேசுபவரும் கேட்பவரும் முன்பே அறிந்த புத்தகம். அஃறிணைச் செயப்படுபொருளில் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வருவதும் மறைவதும் அந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் சுமக்கிறது. அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, ‘ஐ’ உருபு இயல்பாக வந்தால் ஆங்கிலத்தில் ‘த’ இருக்க வேண்டும் என்று தொடங்கலாம். இது முழு விடையல்ல. எழுவாய்க்கு இந்தச் சோதனை செல்லாது, ஆறுகளின் பெயர்களுக்கு ‘த’ வருவதும் ஏரிகளின் பெயர்களுக்குப் பெரும்பாலும் வராததும் மரபாகப் பழக வேண்டியவை. ஆனாலும் எந்தப் பிடியும் இல்லாமல் ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல். தமிழ்நாட்டில் எழுதப்படும் ஆங்கில இலக்கண வழிகாட்டிகள் இந்த உறவைப் பயன்படுத்தாமல் இங்கிலாந்து நூல்களின் விளக்கத்தையே திருப்பிச் சொல்வது பெரிய இழப்பு.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆங்கிலம் இன்று ஆங்கிலேயர்களின் சொத்து மட்டுமல்ல. இந்திய ஆங்கிலம் தனக்கென வழக்குகள் கொண்டது. ‘டிஸ்கஸ் அபவுட்’டை ஏன் பிழை என்கிறீர்கள் என்று கேட்கலாம். மறுப்பில் உண்மை இருக்கிறது. முன்னதாக நடத்துவதைக் குறிக்கும் ‘பிரிபோன்’ இந்தியாவில் பரவிய சொல். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் இடம்பெற்றிருக்கிறது. நமக்குள் எழுதும் அலுவலகக் கடிதத்தில் அதை நீக்கச் சொல்வது வீண் பிடிவாதம். ஒரு வழக்கு பிழையா என்பதை வாசகரை வைத்தே தீர்மானிக்க வேண்டும். சென்னையில் உள்ள சக ஊழியருக்கு ‘டிஸ்கஸ் அபவுட்’ ஒரு தடையும் தராது. வெளிநாட்டு இதழின் ஆசிரியர் மேசைக்குப் போகும் கட்டுரையில் அது கருத்திலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும். ஆனால் எழுவாய்–வினைப் பொருத்தமின்மையும், நடக்கும் மரங்களும், இடம் மாறிய ‘லூஸ்’ஸும் எந்த நாட்டு ஆங்கிலத்தின் வழக்கும் அல்ல. அவற்றை வட்டார வழக்கு என்ற போர்வைக்குள் ஒளிப்பது இந்திய ஆங்கிலத்துக்கே செய்யும் அநீதி.

மென்பொருள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாதா என்பது அடுத்த கேள்வி. 1986 கணக்குக்கு உரிய கட்டுரைகளை ராபர்ட் கானர்ஸும் ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டும் ஆராய்ந்தபோது எழுத்துப்பிழைகள் மற்ற எல்லா வகைகளையும்விட மிக அதிகமாக இருந்தன. இருபது ஆண்டுகள் கழித்து எழுத்துப்பிழை ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. பொருந்தாத சொல் முதலிடத்துக்கு ஏறியது. மென்பொருள் நீட்டிய சொல்லை அப்படியே ஏற்றதும் இதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எழுத்துச் சரியாகவும் இடம் தவறாகவும் இருக்கும் சொல்லைப் பழைய திருத்திகள் கண்டுகொள்வதில்லை. இன்றைய கருவிகள் சூழலையும் பார்க்கின்றன, உதவுகின்றன, பயன்படுத்துங்கள். ஆனால் நீங்கள் எதைச் சொல்ல வந்தீர்கள் என்பது கருவிக்குத் தெரியாது. சொல்ல வந்ததற்கும் தாளில் இருப்பதற்கும் உள்ள இடைவெளியை அளக்கக்கூடியவர் எழுதியவர் மட்டுமே.

நழுவும் இடங்களைப் பார்க்க வேண்டிய நேரத்தைப் பிழையே அல்லாத ‘பிழைகள்’ தின்றுவிடுகின்றன. வாக்கியத்தின் கடைசியில் முன்னிடைச்சொல் வரக் கூடாது என்ற விதியைப் பலர் வேதம்போல் காக்கிறார்கள். 1672இல் ஜான் டிரைடன் தமக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியரான பென் ஜான்சனின் எழுத்தில் அதைக் குறை சொன்னார். 1762இல் தம் இலக்கண நூலை வெளியிட்ட ராபர்ட் லோத், அது பேச்சுநடைக்கு உரியது, உயர்நடைக்கு வேறு அமைப்பு மேல் என்ற அளவில்தான் சொன்னார். பின்வந்த பள்ளிநூல்களில் அது தடையாக இறுகியது. ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவே வேறு சொல் நுழையக் கூடாது என்ற விதி அதைவிட இளையது, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. 1864இல் ஹென்றி ஆல்ஃபோர்ட் அதைக் கண்டித்தார். 1926இல் வெளிவந்த ஃபவுலரின் புகழ்பெற்ற வழக்கு நூல் இந்த இரண்டு அச்சங்களையும் தேவையற்றவை என்று காட்டிவிட்டது. ஏறக்குறைய நூறாண்டு ஆகிறது, இன்னும் திருத்துபவர்களின் பேனா அங்கேதான் முதலில் போகிறது. இவற்றைப் பிழை என்று நம்பும் தேர்வாளருக்கோ மேலதிகாரிக்கோ எழுதினால், வாக்கியம் கோணாமல் மாற்ற முடிகிற இடத்தில் மாற்றிவிடுங்கள், அதில் நட்டமில்லை. அவற்றுக்காக ஒரு நல்ல வாக்கியத்தை முறுக்கிக் கெடுப்பதில்தான் நட்டம்.

வாசகர்கள் பிழையைக் கவனிக்கவே மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. 1981இல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசஃப் வில்லியம்ஸ், பிழைகளைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரைக்குள் ஏறக்குறைய நூறு பிழைகளை வேண்டுமென்றே வைத்து, அதைக் கடைசியில்தான் தெரிவித்தார். மொழி ஆசிரியர்களுக்கான அந்த இதழைப் படித்தவர்களில் பலர் அவற்றைக் காணவில்லை. மாணவர் தாளில் தேடுகிறோம், அதனால் அங்கே காண்கிறோம் என்பது அவர் வாதம். இது பிழை எதுவும் பொருட்டல்ல என்பதற்குச் சான்றாகாது. அவர் வைத்தவற்றில் பெரும்பகுதி பொருளைக் கலைக்காத, வழக்குநூல்கள் தடுக்கும் வகை. பொருளைக் கலைப்பவற்றுக்கு விலை வேறு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மிகைநேர ஊதியச் சட்டம் விலக்களித்த வேலைகளின் பட்டியல், ‘அனுப்புவதற்காகக் கட்டுதல் அல்லது விநியோகம்’ என்று பொருள்படும் தொடரில் முடிந்தது. ‘அல்லது’ என்பதற்கு முன் கமா இல்லை. விநியோகம் தனி வேலையா, அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ கட்டுவது என்ற ஒரே வேலையா என்பது தெளிவாக இல்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் இரண்டாவது பொருளை வைத்து வழக்காடினார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. கமாவின் விதி தெரியாதவர்கள் அல்லர் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள். அந்த மாநிலத்தின் சட்டவரைவுக் கையேடே கடைசிக் கமாவைத் தவிர்க்கச் சொல்லியிருந்தது. விதியைப் பின்பற்றினார்கள், பொருள் பிளவுபடும் இடத்தில் நின்று பார்க்கவில்லை.

ஆகவே எழுதி முடித்ததும் எல்லா விதிகளையும் ஏந்திக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு முறை வினைகளை மட்டும் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் எழுவாய் எது என்று கேளுங்கள். அடுத்த முறை வாக்கியத் தொடக்கங்களை மட்டும் பாருங்கள். பிறகு உங்கள் ஒலிக்குழப்பச் சொற்களைத் தேடல் பெட்டியில் இடுங்கள். கடைசியாக, தமிழில் நினைத்து எழுதியதாகத் தோன்றும் வாக்கியங்களில் முன்னிடைச்சொற்களையும் பன்மைகளையும் ஆர்ட்டிக்கிள்களையும் சோதியுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்தால், உங்கள் மனம் இட்டு நிரப்பியவை தாளில் இல்லை என்பது தெரியத் தொடங்கும். ஒவ்வொரு கட்டுரையிலும் அகப்பட்ட பிழைகளை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். சில கட்டுரைகளுக்குள் ஒரே இடங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். கடையில் கிடைக்கும் எந்த இலக்கண நூலையும்விட அந்த நோட்டே உங்களுக்கு அதிகம் உதவும். இன்றே ஒன்றைத் தொடங்குங்கள்.